அயர்லாந்துக் குழலும் அதன் மரங்களும்

அயர்லாந்தின் நடன இசையோடு இன்று பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட மரக்குழல், பெரும்பாலும் அந்நாட்டுப் பட்டறைகளில் உருவானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், கச்சேரி மேடைகளுக்காகவும் வசதி படைத்தோர் வீட்டுக் கூடங்களுக்காகவும் லண்டன் கைவினைஞர்கள் கடைந்தெடுத்த கருவியே அதன் மூலம். அதற்குரிய மரமோ கருங்கடல் கரைகளிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் கியூபாவிலிருந்தும் கப்பலேறி வந்தது. ஆகவே இக்குழலின் வரலாற்றை ஆராய்வோர் இசை மரபை மட்டும் பின்தொடர்ந்தால் போதாது. எந்தக் காலத்தில் எந்த மரம் எந்தக் கடல்வழியே வந்து பட்டறையை அடைந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூங்கிற்குழலின் உள்துளையை இயற்கையே தந்துவிடுகிறது. இக்குழலிலோ திண்ணிய கட்டையைக் குடைந்து அத்துளையை முழுவதும் கைவினைஞரே உண்டாக்க வேண்டும். ஊதும் துளை அமைந்த தலைப்பகுதி ஏறத்தாழ உருளையாக இருக்க, அதற்குக் கீழுள்ள உடற்பகுதியின் உள்துளை நுனியை நோக்கிப் படிப்படியாகக் குறுகிச் செல்லும். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில், ஒத்தெத்தேர் குடும்பத்தார் போன்ற கருவி செய்வோரிடையே உருப்பெற்றதாகக் கருதப்படும் இக்கூம்பு வடிவம், விரல்துளைகள் ஒன்றுக்கொன்று அருகில் அமையவும், மேல் ஸ்தாயி சுருதி பிசகாமல் ஒலிக்கவும் வழி செய்தது. கட்டையில் முதலில் சிறிய நேர்துளையிட்டு, பின்னர் 'ரீமர்' எனப்படும் கூம்பு வடிவ எஃகுத் துருவியைச் செலுத்தி அத்துளையை வேண்டிய அளவுக்கு விரிப்பர். குடைந்தவுடன் மரம் தன்னுள் அடக்கி வைத்திருந்த இறுக்கத்தை வெளிவிட்டுச் சற்றே வளையும் என்பதால், தேர்ந்த கைவினைஞர் துருவும் பணியைப் பல கட்டங்களாகப் பிரித்து, இடையிடையே கட்டையை மாதக்கணக்கில் ஓய விடுவர். உள்துளையில் மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு மாறினாலும் சில சுரங்கள் இடம்பெயரக்கூடும். மரத்தைத் தேர்ந்தெடுப்பது இத்தொழிலில் ஏன் இவ்வளவு முதன்மை பெற்றது என்பதற்கு இதுவே போதிய விளக்கம்.

பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பியக் குழலின் முதன்மை மரமாக விளங்கியது பாக்ஸ் மரம். தாவரவியலார் புக்ஸஸ் செம்பர்விரென்ஸ் என்று குறிக்கும் இது, குன்றுச் சரிவுகளில் மிக மெதுவாக வளரும் குறுமரம். மஞ்சள் நிறமும், கண்ணுக்குப் புலப்படாத அளவு நெருங்கிய இழையும், கூரிய விளிம்பைச் சிதையாமல் வெட்ட இடந்தரும் தன்மையும் உடையது. இவ்வியல்புகளையே நூற்பதிப்புக்கான மரச்செதுக்குப் படங்களைச் செய்தோரும் நாடினர் என்பதால், மரச்செதுக்குக் கலைஞர் தாமஸ் பெவிக் காலத்துக்குப் பின் இங்கிலாந்தில் அம்மரத்துக்குப் போட்டி மிகுந்தது. துருக்கியிலிருந்தும் காகசஸ் பகுதியிலிருந்தும் இறக்குமதி பெருகியது. வெளிர்நிறக் குழலுக்கு நைட்ரிக் அமிலம் பூசிப் பழுப்பு நிறமேற்றுவதும் அக்கால வழக்கம். ஆனால் இம்மரத்துக்கு நீங்காத குறையொன்று உண்டு: வாசிப்பவரின் மூச்சு ஈரத்தை உறிஞ்சி வீங்குவதும், காய்ந்து சுருங்குவதும், காலப்போக்கில் வளைந்துபோவதும் இதன் இயல்பு.

குழலின் அமைப்பு எளிதாக இருந்தவரை இக்குறையைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. விரல் எட்டாத துளைகளை மூடித் திறக்க உதவும் 'கீ' எனப்படும் உலோக நெம்புகள் ஒன்றிலிருந்து எட்டாகப் பெருகியபோது நிலைமை மாறியது. மரம் சிறிது வளைந்தாலும் மூடிகள் சரியாகப் படியாமல் காற்றுக் கசியும். லண்டனின் ரிச்சர்ட் பாட்டர் 1785இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், துளைகளை அடைக்கும் வெள்ளீயக்கலவை மூடிகளோடு, சுருதியைக் கூட்டிக் குறைக்கத் தலைப்பகுதியில் ஒன்றுக்குள் ஒன்று நகரும் உலோகக் குழாய்களும் இடம்பெற்றிருந்தன. உலோகம் சுருங்காது, மரம் சுருங்கும். எனவே நன்கு பதப்படாத கட்டை அக்குழாயை இறுக்கித் தானே வெடித்துவிடும். இன்றளவும் எஞ்சியுள்ள பழங்குழல்களில் தலைப்பகுதி விரிசல் இத்தனை பொதுவாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

இந்நிலையில்தான் கோகஸ் மரம் முன்னுக்கு வந்தது. ப்ரையா எபனஸ் என்ற தாவரப்பெயர் உடைய இது ஜமைக்காவிலும் கியூபாவிலும் வளரும் சிறுமரம். அடிமரத்தின் தடிமன் குறைவாயினும், அதன் வைரம் எண்ணெய்ப்பசை மிக்கதாய், கரும்பழுப்பு நிறத்ததாய், ஈரத்துக்கு எளிதில் அசையாததாய் இருக்கும். அதன் பிசின் சிலருடைய உதட்டிலும் முகவாயிலும் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கிய போதிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் சிறந்த ஆங்கிலக் குழல்கள் மிகுதியும் இம்மரத்தால் ஆனவை. சார்லஸ் நிக்கல்சன் (1795–1837) பெரிய விரல்துளைகள் கொண்ட குழலில் எழுப்பிய வலிய ஒலி லண்டனை ஆட்கொண்டிருந்த காலம் அது. 1821இல் கூட்டுச் சேர்ந்த ஜார்ஜ் ரூடால், ஜான் மிட்செல் ரோஸ் ஆகியோரின் பட்டறையில் இக்கலை உச்சத்தைத் தொட்டது என்று தயக்கமின்றிக் கூறலாம்.

அவ்வுச்சத்திலேயே அதன் வீழ்ச்சிக்கான விதையும் இருந்தது. 1831இல் லண்டன் வந்த தியோபால்ட் போம் என்ற ஜெர்மானியர், நிக்கல்சனின் ஒலி வலிமைக்குத் தாம் ஈடுகொடுக்க இயலாமையை உணர்ந்து குழலின் அமைப்பையே மாற்ற முற்பட்டு, 1847இல் உருளைத்துளை கொண்ட புதிய குழலை அளித்தார். அதை இங்கிலாந்தில் செய்து விற்கும் உரிமையைப் பெற்றவர்கள் ரூடாலும் ரோஸுமே. மேடை வாசிப்பாளர்கள் படிப்படியாகப் புதிய குழலுக்கு மாற, பழைய கூம்புக்குழல்கள் அடகுக் கடைகளையும் பழம்பொருள் கடைகளையும் அடைந்து, அங்கிருந்து அயர்லாந்துக் கிராமத்தாரின் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கலாயின. இது உண்மையின் ஒரு பாதி மட்டுமே; ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் மலிவாகவும் பெருந்தொகையாகவும் செய்யப்பட்ட குழல்களைப் புதிதாகவே வாங்கியோரும் மிகப் பலர். எவ்வழியில் வந்தாலும் ஸ்லைகோ, லீட்ரிம், ராஸ்காமன், கிளேர் முதலிய கவுன்டிகளில் அக்கருவி வேரூன்றியது. வெறும் விரலால் மூடும் ஆறு துளைகளில் டி, ஜி சுருதிகளில் அமைந்த நடன மெட்டுகள் இயல்பாக விழுந்தன. சுரத்தை வெட்டியும் உருட்டியும் வழுக்கியும் அணிசெய்யும் முறைக்குத் திறந்த துளைகளே ஏற்றவை. கீக்களைப் பலர் தொடவே இல்லை. லீட்ரிமில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜான் மெக்கென்னா 1921 முதல் நியூயார்க்கில் பதிவுசெய்த இசைத்தட்டுகள், மேடை கைவிட்ட கருவி ஒரு மக்கள் மரபின் குரலாகிவிட்டதை உறுதிப்படுத்துகின்றன.

ஒலியின் தன்மையை மரம் தீர்மானிக்கிறதா என்ற வினா இத்துறையில் ஓயாதது. வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றாலான உடற்பகுதிகளுக்கு ஒரே வகைத் தலைப்பகுதியைப் பொருத்தி ஜான் கோல்ட்மன் நடத்தி 1971இல் வெளியிட்ட ஆய்வில், கேட்டவர்களாலும் வாசித்தவர்களாலும் அவற்றை வேறுபடுத்த இயலவில்லை. ஒலிப்பது உள்ளிருக்கும் காற்றே ஆதலின் இம்முடிவு வியப்பானதன்று. எனினும் மரம் பொருட்டன்று என்று இதிலிருந்து முடிவுகட்டுவது பிழையாகும். ஊதும் துளையின் விளிம்பு எவ்வளவு கூர்மையாக வெட்டப்படலாம், உள்துளை எவ்வளவு வழவழப்பாக அமையலாம், அவ்வடிவம் எத்தனை ஆண்டுகள் குலையாமல் நிற்கும் என்பனவற்றையெல்லாம் மரமே தீர்மானிக்கிறது. அவையோ ஒலியை நேரடியாகப் பாதிப்பவை.

1970களில் அயர்லாந்துக் குழலிசைஞர் மாட் மல்லாய் போன்றோரின் வாசிப்பு உலகெங்கும் பரவியபோது, பழைய லண்டன் குழல்கள் தேவைக்குப் போதவில்லை. கார்க் கவுன்டியில் பட்டறை அமைத்து, 1990இல் இக்குழல் பற்றிய கையேடொன்றையும் எழுதிய ஹாமி ஹாமில்டன் உள்ளிட்ட புதிய தலைமுறைக் கைவினைஞர், ரூடால்–ரோஸ் குழல்களையும் பூஸி நிறுவனத்தின் பிராட்டன் வகைக் குழல்களையும் அளந்து புதியன செய்யத் தொடங்கினர். அளந்ததை அப்படியே படியெடுக்கவும் இயலவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளில் பழந்துளைகள் சுருங்கி நீள்வட்டமாகியிருந்ததோடு, அவற்றுள் பல இன்றைய 440 ஹெர்ட்ஸுக்கு மாறாக ஏறத்தாழ 452 ஹெர்ட்ஸ் வரை உயர்ந்த அக்காலச் சுருதிக்குச் செய்யப்பட்டவை.

கோகஸும் அதற்குள் அரிதாகிவிட்டிருந்தது. அதன் இடத்தைப் பெற்றது ஆப்பிரிக்கக் கருமரம்; தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் வளர்வது, சுவாஹிலி மொழியில் ம்பிங்கோ எனப்படுவது. நீரில் மூழ்குமளவு கனமான இம்மரம் வெட்டும் பருவத்தை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். கோணலும் பொந்தும் மிகுந்த அடிமரத்தில் கருவிக்கு உதவும் கட்டையாகத் தேறுவது சிறு பகுதியே. தமிழகத்தில் தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் அறியப்படும் மரம் சார்ந்த டால்பெர்ஜியா பேரினத்தைச் சேர்ந்தது இது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, 2017 ஜனவரியில் அப்பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டின்கீழ்க் கொணர்ந்தபோது, கடல்கடந்து விற்பனைக்குச் செல்லும் ஒவ்வொரு கருமரக் குழலும் அனுமதிச் சீட்டுச் சிக்கலுக்கு உள்ளானது. 2019 நவம்பரில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டாலும், கருவியாகாத கட்டைக்கு அது பொருந்தவில்லை. ஆகவே சில கைவினைஞர் தெற்கு ஆப்பிரிக்கப் பகுதிகளின் மோபேன் மரத்தை நாடுகின்றனர். சிலர் டெல்ரின் என்னும் செயற்கைப் பொருளில் குழல் கடைகின்றனர். வேறு சிலர், நன்கு காய்ந்து பதப்பட்ட கட்டை கிடைக்குமாயின், வளையும் இயல்பைத் தெரிந்தே பாக்ஸ் மரத்துக்குத் திரும்புகின்றனர்.