ஒரு மெல்லிய படலத்தின் அரை நூற்றாண்டு

1976இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் எச்பி-1 என்றொரு ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தோற்றத்தை வடிவமைத்தவர் இத்தாலியின் மாரியோ பெல்லினி. ஒலிவெட்டியின் கணக்கு இயந்திரங்களுக்கு உருவம் கொடுத்தவர். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராத பொருள். ஆனாலும் அதன் பெருமை கூட்டுக்குள்ளேதான் இருந்தது.

வழக்கமான டைனமிக் ஹெட்போனில் ஒரு சவ்வின் பின்னால் கம்பிச் சுருள் ஒட்டியிருக்கும். மின்சாரம் சுருளைத் தள்ளும், சுருள் சவ்வைத் தள்ளும். எச்பி-1இல் தனிச் சுருள் கிடையாது. மெல்லிய பாலியஸ்டர் படலத்தின் மேலேயே மின்சாரம் ஓடும் தடம் பதிந்திருந்தது. படலத்துக்கு இருபக்கமும் துளையிட்ட காந்தங்கள். தடத்தில் மின்சாரம் பாய்ந்ததும் படலம் ஏறக்குறைய முழுப் பரப்பாக, ஒரே சமயத்தில் முன்னும் பின்னும் அசையும். யமஹா இதற்கு ஆர்த்தோடைனமிக் என்று பெயர் வைத்தது. இதே வழியில் இங்கிலாந்தின் வார்ஃப்டேல் நிறுவனமும் அந்தப் பத்தாண்டின் தொடக்கத்திலேயே ஒரு ஹெட்போன் செய்து, அதை ஐசோடைனமிக் என்றது. இன்று இந்தக் குடும்பம் முழுவதையும் பிளானர் என்கிறோம்.

படலத்தை அசைத்து இசை கேட்பது அப்போதே பழக்கத்தில் இருந்தது. ஜப்பானின் ஸ்டாக்ஸ் 1960லேயே மின்நிலை (எலக்ட்ரோஸ்டேடிக்) முறை ஹெட்போனை விற்றது. அதன் ஒலி தெளிவாக இருந்தது, ஆனால் செலவு அதிகம். நூற்றுக்கணக்கான வோல்ட் கொடுக்கத் தனிப்பெட்டி வேண்டும். யமஹாவின் படலமோ வீட்டு ரிசீவரின் சாதாரணத் துளையில் செருகியதும் பாடியது. அன்றைய ரிசீவர்கள் பலவற்றில் ஹெட்போனுக்கென்று தனி ஆம்ப் இருக்காது. ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்தையே சில நூறு ஓம் மின்தடை வழியாகக் குறைத்து முன்பக்கத் துளைக்கு விடுவார்கள்.

பிளானர் ஹெட்போனின் பிறவிக் குணம் இந்த இடத்தில்தான் தெரிகிறது. டைனமிக் ஹெட்போனின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) சுருதிக்குச் சுருதி மாறும். சென்ஹைசர் ஹெச்டி 650க்கு 300 ஓம் என்று போட்டிருந்தாலும், கீழ் ஒலிகளில் ஓரிடத்தில் அது 500 ஓமுக்குப் போகும். 100 ஓம் வெளியீட்டு மின்தடை உள்ள ஆம்பில் அதை மாட்டினால், அந்த இடத்தில் மட்டும் ஒலி சுமார் 1 டெசிபல் உயரும். கேட்பவருக்கு பேஸ் கொஞ்சம் சதைபிடித்த மாதிரி இருக்கும். பிளானர் அப்படி இல்லை. அதன் மின்மறுப்பு கீழிருந்து மேல்வரை கிட்டத்தட்ட ஒரே நேர்கோடு. ஆம்பின் வெளியீட்டு மின்தடை எவ்வளவு இருந்தாலும் பாட்டின் சத்தம் மட்டுமே குறையும். பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் இடையிலான விகிதம் மாறாது. பிளானர் ரசிகர்களின் ஆம்ப் சண்டைகளைக் கேட்கும்போதெல்லாம் இந்த ஒரு உண்மையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறந்து சில ஆண்டுகளிலேயே பிளானருக்குச் சோதனை வந்தது. 1979 ஜூலையில் சோனி வாக்மேனை வெளியிட்டது. இரண்டு சின்ன பேட்டரி, தலையில் இறகுபோல உட்காரும் ஹெட்போன். கனத்த காந்தங்களைச் சுமந்த, மின்சாரம் அதிகம் கேட்ட பிளானரால் அந்த உலகத்தில் நடக்க முடியவில்லை. ஒவ்வொரு நிறுவனமாக விலகியது. ஃபாஸ்டெக்ஸ் மட்டும் ஒலிப்பதிவுக் கூடங்களுக்காக டி50ஆர்பி வரிசையைத் தொடர்ந்து செய்துவந்தது.

அந்த டி50ஆர்பிதான் பிளானரை அடுத்த தலைமுறையிடம் சேர்த்தது. விலை குறைவு, பிரிப்பது சுலபம். ஆர்வலர்கள் அதைத் திறந்து உள்ளே பஞ்சு வைத்தார்கள், களிமண் பூசினார்கள், காதுமெத்தையை மாற்றினார்கள். அமெரிக்காவில் டான் கிளார்க் அதையே திருத்தி மேட் டாக் என்ற பெயரில் விற்றார். பிறகு சொந்த டிரைவரோடு (ஒலி எழுப்பும் பகுதி) ஈதர் என்ற ஹெட்போன் வந்தது. அவருடைய நிறுவனம் இன்று டான் கிளார்க் ஆடியோ.

இடைப்பட்ட காலத்தில் இன்னொன்றும் நடந்திருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிட்டோமோவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் தனித்தனியே நியோடைமியம் காந்தத்தைக் கண்டுபிடித்தன. சிறிய உருவத்தில் பெரிய இழுவிசை. மின்னணுக் கருவிகளுக்காக வளைந்துகொடுக்கும் மெல்லிய சர்க்யூட் படலங்களும் தேறின. இவை இரண்டும் கைக்கு எட்டியதும் பிளானர் மறுபிறவி எடுத்தது. 2008இல் கலிபோர்னியாவில் சங்கர் தியாகசமுத்திரமும் கூட்டாளிகளும் ஆடஸி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய எல்சிடி-2 பெரும் பெயர் வாங்கியது. 2023இல் சோனியின் விளையாட்டுப் பிரிவு ஆடஸியை வாங்குவதாக அறிவித்தது. வாக்மேனால் பிளானரை ஓரங்கட்டிய அதே சோனி!

நியூயார்க்கில் ஃபாங் பியான் தொடங்கிய ஹைஃபைமேன் 2010இல் ஹெச்இ-6ஐ வெளியிட்டது. 'ஆம்ப் பொருத்தம்' என்ற பேச்சு பெரும் சண்டையாக மாறியது இந்த ஹெட்போனால்தான். அதன் உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல், மின்மறுப்பு 50 ஓம். சாதாரண ஹெட்போன் ஆம்பில் மாட்டினால் ஒலிக் குமிழை முக்கால் பங்கு திருப்பியும் பாட்டு தூரத்திலேயே நின்றது. நிறுவனமே அதற்கென்று இஎஃப்-6 என்ற ஆம்பைச் செய்தது. பொறுமை இழந்த ரசிகர்கள் ஸ்பீக்கர் ஆம்பின் பின்பக்க முனைகளிலேயே ஹெட்போனை இணைத்தார்கள். கணக்கு அவர்கள் பக்கம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் தரும் ஆம்ப், 50 ஓம் ஹெச்இ-6க்கு 8 வாட் தரும். தேவைக்குப் பல மடங்கு. 1976இன் ரிசீவரில் படலம் எந்த இடத்திலிருந்து மின்சாரம் வாங்கியதோ, சுற்றிவிட்டு அங்கேயே வந்து நின்றது, இம்முறை நடுவில் மின்தடை இல்லாமல்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இடது, வலது இரண்டின் எதிர்முனையையும் ஒன்றாகச் சேர்க்கும் மூன்று முனை பிளக்கை ஸ்பீக்கர் ஆம்பில் இணைக்கக் கூடாது. சில ஆம்ப்கள் அந்த நொடியே எரிந்துபோகும். இரு காதுக்கும் தனித்தனிக் கம்பி உள்ள நான்கு முனை இணைப்புதான் வேண்டும். குமிழைக் கவனிக்காமல் விட்டால் படலமும் போகும், காதும் போகும்.

2017இல் ஹைஃபைமேன் சுஸ்வராவைக் கொண்டுவந்தது. அப்போது விலை 6,000 டாலர். 60 ஓம், 83 டெசிபல். ஹெச்இ-6ஐப் போலவே இதுவும் தீராப் பசிக்காரன். இதைச் சுற்றி எழுந்த கருத்து வேற்றுமை இன்றுவரை அடங்கவில்லை. ஒருவருக்கு இது திறந்த வெளியில் கேட்கும் இசை. இன்னொருவருக்குப் பேஸ் இல்லாத, உயிரில்லாத ஹெட்போன். மூன்றாமவர் வால்வு ஆம்ப் மாட்டியதும் அது பாடியது என்கிறார். நான்காமவர் சின்ன ஆம்பே போதும் என்கிறார். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் என் கட்சி. ஒவ்வொருவரும் கேட்டது உண்மை. காரணத்தை மட்டும் பெரும்பாலும் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

முதல் காரணம் கேட்கும் பாட்டு. சுஸ்வரா உச்சத்தில் 110 டெசிபல் எட்ட வேண்டுமானால் சுமார் 500 மில்லிவாட் வேண்டும். அதாவது ஏறக்குறைய 5.5 வோல்ட். ஆடஸியின் எல்சிடி-எக்ஸ் 103 டெசிபல் உணர்திறன் உடையது. அதே உச்சத்துக்கு 5 மில்லிவாட் போதும். இரண்டும் பிளானர்தான், தேவையில் நூறு மடங்கு வித்தியாசம். 1 வோல்ட் தரும் போன் டாங்கிளில் சுஸ்வரா 95 டெசிபலோடு நின்றுவிடும். இன்றைய சினிமாப் பாட்டு பெரும்பாலும் அழுத்திச் சமப்படுத்தப்பட்டு, சராசரிக்கும் உச்சத்துக்கும் இடைவெளி சுருங்கி வருகிறது. அதைக் கேட்பவருக்கு 95 தாராளம். சிம்பொனியோ, அழுத்தாமல் பதிவு செய்த கச்சேரியோ கேட்பவருக்கு நிலைமை வேறு. சராசரிக்கு மேலே 20 டெசிபல் வரை தாவும் உச்சங்கள் அதில் உண்டு. ஒரு தட்டு, ஒரு வீச்சு வந்ததும் ஆம்ப் திணறும், அலையின் தலை வெட்டுப்படும். சின்ன ஆம்ப் போதும் என்றவரும் போதாது என்றவரும் வேறு வேறு இசையைக் கேட்டவர்கள்.

இரண்டாவது காரணம் ஒலி அளவு. நம் காது மெல்லிய சத்தத்தில் பேஸைக் குறைத்தே கேட்கும். 1933இல் பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் இதை வரைபடமாகப் போட்டுக் காட்டினார்கள். சக்தி குறைந்த ஆம்பில் சத்தம் சற்றே தாழ்ந்திருந்தால் பேஸ் மெலிந்ததாகத் தோன்றும். உடனே 'ஆம்ப் பேஸைத் தின்றுவிட்டது' என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். அரை டெசிபல், ஒரு டெசிபல் வித்தியாசத்தைக் காது 'சத்தம் கூடியது' என்று எடுத்துக்கொள்ளாது. 'தெளிவு கூடியது, உயிர் வந்தது' என்றே சொல்லும்.

மூன்றாவது, ஆம்பின் உண்மையான போதாமை. வால்வு ஆம்ப்களில் வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் இல்லாத வகை, 300 ஓம் சென்ஹைசர் போன்றவற்றுக்கே ஏற்றது. வோல்ட் தாராளமாகத் தரும், மின்னோட்டம் தராது. 60 ஓம் பிளானரை அதில் மாட்டினால் சத்தம் உயர உயரச் சிதைவு கூடும். பொருத்தம் என்ற சொல்லுக்கு இந்த இடத்தில் முழு அர்த்தம் உண்டு. டிரான்ஸ்பார்மர் வைத்த வால்வு ஆம்ப் இந்தத் தடையைத் தாண்டிவிடும்.

நான்காவது, தலையும் காதும். பிளானரின் பேஸ் மிக ஆழம்வரை போகும். ஆனால் காதுமெத்தை சுற்றிலும் இடைவெளியின்றிப் படிய வேண்டும். கண்ணாடியின் காம்பு உண்டாக்கும் சிறு சந்து பல ஹெட்போன்களில் பேஸைக் கசியவிடும். தேய்ந்து தட்டையான மெத்தை டிரைவரைக் காதுக்கு நெருக்கி, குரலின் நிறத்தையே மாற்றும். காதுமடலின் மடிப்பும் காதுக்குழாயின் நீளமும் ஆளுக்கு ஆள் வேறு. அதனால் 3,000 ஹெர்ட்சுக்கு மேலே ஒரே ஹெட்போன் இருவருக்கு ஒரே மாதிரி கேட்பதில்லை. வயது ஏற ஏற மேல் ஒலிகள் ஒவ்வொன்றாக விடைபெறும். எனக்குக் குத்தும் ட்ரெபிள் என் அப்பாவுக்கு இதமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஐந்தாவது கண். ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், அதே ஆட்கள் அதே ஸ்பீக்கர்களைப் பார்த்தபடி கேட்டபோது ஒரு மதிப்பெண்ணும், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது வேறு மதிப்பெண்ணும் போட்டார்கள். 2017இல் ஜெரோன் பிரீபார்ட் 283 ஹெட்போன்களின் அலைவரிசை அளவுகளை ஒப்பிட்டு, அவற்றுக்கும் விலைக்கும் தொடர்பில்லை என்று காட்டினார். 6,000 டாலர் பொருளைத் தலையில் வைக்கும்போது நம் மனமும் கூடவே அமர்ந்து கேட்கிறது. அனுபவம் வாய்ந்தவர்களும் இதற்கு விலக்கல்ல.

ஆகவே இரண்டு ஆம்ப்களை ஒப்பிட விரும்புகிறவர்கள் முதலில் ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். 300 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிடுங்கள். ஹெட்போனை மாட்டியபடியே அதன் முனைகளில் ஏசி வோல்ட்டை அளங்கள். முதல் ஆம்பில் 1.00 வந்தால், இரண்டாவது ஆம்பின் குமிழை நகர்த்தி நகர்த்தி 0.99க்கும் 1.01க்கும் இடையில் கொண்டுவந்து நிறுத்துங்கள். அதுதான் 0.1 டெசிபலுக்குள் சமம். இத்தனை சத்தமான அலையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டாம். ஹெட்போன் மேசைமேல் இருக்கட்டும். பிறகு எந்த ஆம்ப் ஓடுகிறது என்று தெரியாதபடி நண்பரை மாற்றச் சொல்லி, மனப்பாடமான பாட்டைக் கேளுங்கள். கடல் அளவு என்று நினைத்த வித்தியாசம் பல நேரம் கையளவாகச் சுருங்கும், சில நேரம் காணாமலே போகும். அதற்குப் பிறகும் மிஞ்சி நிற்கும் வித்தியாசம் உண்மையானது. அதற்குத் தாராளமாகப் பணம் கொடுங்கள்.

பிளானரின் பயணமும் ஆம்பைக் குறைவாகச் சார்ந்திருக்கும் திசையில்தான் போகிறது. 2022 டிசம்பரில் யமஹா ஆர்த்தோடைனமிக் குடும்பத்துக்குத் திரும்பி வந்து ஒய்ஹெச்-5000எஸ்இயை வெளியிட்டது. 34 ஓம், 98 டெசிபல், எடை 320 கிராம். 110 டெசிபல் உச்சத்துக்கு 16 மில்லிவாட் போதும். படலம் பசியைக் குறைத்துக்கொண்டது. இப்படிப்பட்ட ஹெட்போனுக்கு மலைபோன்ற ஆம்ப் தேவையில்லை.

என் தீர்ப்பு இது. பிளானர் வாங்குகிறவர்கள் முதலில் தலைக்கும் காதுக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். அடுத்து ஆம்பின் விளம்பரத்தை விட்டுவிட்டு, உங்கள் ஹெட்போனின் ஓமில் அது எத்தனை மில்லிவாட் தரும் என்று கேளுங்கள். ஈக்வலைசரில் பேஸை 6 டெசிபல் ஏற்றுகிற பழக்கம் இருந்தால் நான்கு மடங்கு சக்தியைக் கணக்கில் சேருங்கள். அதற்கு மேல் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி உலோகப் பெட்டிக்கும் பெயருக்கும் போகிறது. கிடைக்கும் உபரி சக்தி உச்சங்களுக்காக மட்டும் இருக்கட்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை போட்டிருக்கிறது. எந்த ஆம்பாக இருந்தாலும் அந்த எல்லைக்குள் கேளுங்கள்.