பெயரை மறைத்த சீமாட்டியின் சென்னைக் கடிதங்கள்

அம்பத்தூரிலோ ஆவடியிலோ இரயிலுக்குக் காத்து நின்றிருக்கிறீர்களா? தென்னிந்தியாவின் முதல் பயணி இரயில் 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு இவ்வழியேதான் ஓடியது. அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன், செய்திகள் எவ்வளவு மெதுவாகச் சென்றன என்பதை ஓர் ஆங்கிலப் பெண்மணியின் கடிதங்களிலிருந்து அறியலாம்.

அவர் பெயர் ஜூலியா. கணவர் ஜேம்ஸ் தாமஸ், கம்பெனி அரசின் நீதித்துறை அதிகாரி. 1836-இல் புறப்பட்ட அவர்கள், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்னை வந்து சேர ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின. இந்த வழியில் ஒரு கடிதம் போய், அதற்குப் பதில் வர எத்தனை மாதம் ஆகும்? நீங்களே கணக்கிடுங்கள். 1837 ஜூன் 20 அன்று விக்டோரியா அரசியானார். அன்று சென்னையில் ஒருவருக்கும் அது தெரியாது! விண்மீனின் ஒளியைப் போலவே கடிதமும் கடந்த காலத்தைத்தான் காட்டும்.

1843-இல் இலண்டனில் ஜான் மர்ரே நிறுவனம் இக்கடிதங்களை ‘சென்னையிலிருந்து கடிதங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக்கியது. ஆனால் ஆசிரியர் பெயர் இல்லை. ‘ஒரு சீமாட்டி’ என்று மட்டுமே இருந்தது. பெண்கள் பெயரை மறைத்து எழுதுவது அக்காலத்தில் புதிதன்று. பிராண்டி சகோதரிகள் மூவரும் 1846-இல் புனைபெயர்களில்தான் தம் கவிதைகளை வெளியிட்டனர்.

பெயரில்லாத சாட்சியை நம்பலாமா? ஆய்வகத்தில் மாணவரிடம் நான் கேட்பது இதுதான்: எப்போது அளந்தாய்? எங்கே? நீயே பார்த்தாயா? ஜூலியாவின் கடிதங்களில் நாளும் இடமும் உள்ளன. எழுதியவர் யாரெனப் பின்னர் தெரிந்ததால், பிற ஆவணங்களோடு ஒப்பிடவும் முடிகிறது. ஆயினும் எந்தக் கருவிக்கும் ஒரு பிழை உண்டு. ஆளும் இனத்தவர் என்ற பார்வை இவரிடமும் இருந்தது; அதைக் கழித்தே படிக்க வேண்டும்.

இந்நாட்டு மக்களைப் பற்றி என்ன அறிந்தீர்கள் என்று இவர் ஓர் ஆங்கில மாதைக் கேட்டார். ஒன்றும் அறியாததே நல்லது என்று பதில் வந்தது. அதைக் குறித்து வைத்தவர் ஜூலியாதான். இராஜமுந்திரியில் ஒரு பள்ளியும் வாசகசாலையும் ஏற்படுத்தியவர்களும் இத்தம்பதியரே.

எங்கள் வீட்டில் பாட்டனார் கம்பியில் குத்தி வைத்திருந்த கடிதங்களைக் கரையானுக்கு விட்டுவிட்டோம். எந்த ஆண்டு எங்கே மழை பொய்த்தது, நெல் என்ன விலை விற்றது என்பதெல்லாம் அவற்றோடு போயிற்று. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கட்டு இருக்கலாம். இன்றே இறக்குங்கள், எழுதியவர், ஊர், நாள் மூன்றையும் குறித்து வையுங்கள். வரலாற்றுக்கு நீங்கள் தரும் அளவீடு அது.