ஸ்டீவ் என்று கையெழுத்திட்ட பெண்

மென்பொருள் துறையில் இருக்கும் எவரிடமும் ஒரு தன்விவரக் குறிப்பு இருக்கும். என்ன படித்தார், எங்கெல்லாம் வேலை பார்த்தார், ஓய்வு நேரத்தில் எதில் ஈடுபாடு என்று மூன்று தலைப்புகளில் ஒரு வாழ்க்கை அடங்கிவிடும். பெண்களின் குறிப்பில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் கேட்டு வாங்கிய அனுமதியும், மிச்சம்பிடித்த நேரமும், காணாமல் போன வருடங்களும் இருக்கும். அவற்றை எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. பிரிட்டனின் மென்பொருள் வரலாற்றில் முக்கியமானவரான ஸ்டெஃபனி ஷெர்லியின் வாழ்க்கையை இந்த மூன்று தலைப்புகளின் கீழ் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் படிப்பு. 1933இல் ஜெர்மனியின் டார்ட்மண்டில் பிறந்தபோது அவர் பெயர் வேரா புக்தால். அப்பா யூதர், நீதிபதி. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அவர் பதவி பறிபோனது. 1939இல், ஐந்து வயதில், ஒன்பது வயது அக்காவோடு வியன்னாவிலிருந்து இங்கிலாந்துக்கு ரயிலேற்றப்பட்டார். ஏறத்தாழ 10,000 குழந்தைகளைப் பெற்றோர் இல்லாமலேயே பிரிட்டனுக்கு அனுப்பிக் காப்பாற்றிய கிண்டர்டிரான்ஸ்போர்ட் என்ற ஏற்பாடு அது. காப்பாற்றப்பட்ட உயிரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம்தான் தன்னைச் செலுத்தியது என்று பிற்காலத்தில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பள்ளியில் அவருக்குக் கணிதம் நன்றாக வந்தது. ஆனால் அவர் படித்த பெண்கள் பள்ளியில் உயர்நிலைக் கணிதம் கற்றுத்தர ஆள் இல்லை. தனி அனுமதி பெற்று, பக்கத்து ஆண்கள் பள்ளிக்குப் போய் அந்த வகுப்புகளில் உட்கார வேண்டியிருந்தது. பெண்களுக்கு அறிவியல் என்றால் தாவரவியல் போதும் என்று கருதிய காலம். பெண்களுக்குக் கணித மூளை இல்லை என்று சொல்லும் சமூகம், கணித வகுப்பே இல்லாத பள்ளிகளை அவர்களுக்குக் கட்டிவைத்திருந்தது. காரணத்தையும் விளைவையும் இடம்மாற்றி வைப்பது பழைய தந்திரம்.

பதினெட்டு வயதில் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்று, 1951இல் லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த அஞ்சல்துறை ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைக்க உதவிய கொலோசஸ் கணினியை டாமி ஃப்ளவர்ஸ் உருவாக்கிய இடம் அது. பகலில் வேலை, மாலையில் கணித வகுப்பு. ஆறு ஆண்டுகள் அப்படிப் படித்துப் பட்டம் வாங்கினார். குறிப்பில் இது ஒரே வரியாக இருக்கும்: கணிதத்தில் இளங்கலை.

அடுத்து வேலை. டாலிஸ் ஹில்லில் அவர் மின்னணுத் தொலைபேசி இணைப்பகத்திலும், அரசின் பரிசுப் பத்திரங்களுக்கு எண்களைத் தேர்ந்தெடுத்த எர்னி இயந்திரத்திலும் பங்காற்றினார். அன்று கணினிக்கு நிரல் எழுதுவது பெருமைக்குரிய வேலையாகக் கருதப்படவில்லை. இயந்திரத்தைக் கட்டுவதுதான் ஆணின் சாதனை. அதற்கு நிரல் எழுதுவது எழுத்தர் வேலைக்குச் சற்று மேலே. அதனால்தான் பெண்கள் அதற்குள் வர முடிந்தது. மதிப்பு இல்லாத இடத்தில்தான் பெண்ணுக்குக் கதவு திறந்திருக்கும். மதிப்பு கூடியதும் அதே கதவு மெல்ல மூடிக்கொள்ளும்.

வரலாற்றாசிரியர் மார் ஹிக்ஸ் இதைப் பிரிட்டிஷ் அரசு ஆவணங்களின் வழியாக விரிவாகக் காட்டியிருக்கிறார். அரசுப் பணியில் இருந்த பெண்கள் திருமணம் செய்தால் வேலையை விட வேண்டும் என்ற விதி 1946 வரை நீடித்தது. 1955இல் அரசு ஊழியர்களுக்குச் சம ஊதியம் படிப்படியாக வரத் தொடங்கியபோது, இயந்திரங்களை இயக்கிய பெண்கள் அதிலிருந்து விலக்கப்பட்டார்கள். சொல்லப்பட்ட காரணம் எளிமையானது: அந்தப் பிரிவில் ஆண்களே இல்லை, யாரோடு சமப்படுத்துவது? கணினிகள் அதிகாரத்தின் கருவிகள் என்று அரசுக்குப் புரிந்த பின், அந்த வேலைக்கு ஆண்களைத் தேடிக் கொண்டுவந்தார்கள்.

1959இல் தன்னோடு பணிபுரிந்த இயற்பியலாளர் டெரெக் ஷெர்லியை மணந்துகொண்டார். கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் வேலை செய்வது அங்கே வழக்கமில்லை. விதி போயிருந்தாலும் வழக்கம் போகவில்லை. விலகியவர் ஸ்டெஃபனி. ஒரு தனியார் கணினி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கும் பெண் என்பதால் ஓர் எல்லைக்கு மேல் போக முடியாது என்று கண்டார். 1962இல், கையிலிருந்த ஆறு பவுண்டு முதலீட்டில், வீட்டு உணவு மேசையில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். பெயர் ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ். மென்பொருளை வன்பொருளோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்த காலத்தில் அதைத் தனியாக விற்கப் போகிறேன் என்றதைக் கேட்டுப் பலர் சிரித்தார்கள்.

வாய்ப்புக் கேட்டு அவர் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ஸ்டெஃபனி என்பதற்குப் பதில் ஸ்டீவ் என்று கையெழுத்துப் போட்டுப் பார் என்றார் கணவர். பதில்கள் வரத் தொடங்கின. கடிதத்தில் சொன்ன திறமை ஒன்றுதான், விலை ஒன்றுதான். மாறியது கையெழுத்து மட்டும். வாசலைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் ஸ்டீவ் ஒரு பெண் என்று வாடிக்கையாளருக்குத் தெரியும்.

திருமணத்தாலும் குழந்தைப் பேற்றாலும் வேலையை விட்டிருந்த பெண் நிரலாளர்களை அவர் சேர்த்தார். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். வீட்டிலேயே பென்சிலால் நிரலைத் தாளில் எழுதி, தபாலில் அனுப்புவார்கள். அங்கே அது அட்டைகளிலோ தாள்நாடாவிலோ துளைகளாக மாற்றப்படும். வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கும்போது, குழந்தையின் சத்தத்தை மறைக்கத் தட்டச்சு ஓசையைப் பதிவுசெய்து பின்னணியில் ஓடவிட்டார் ஷெர்லி. கான்கார்ட் விமானத்தின் கருப்புப் பெட்டிப் பதிவுகளை ஆராயும் மென்பொருள் இப்படித்தான் உருவானது. அதில் முக்கியப் பங்காற்றிய ஆன் மொஃபட்டின் வேலையிடமும் வீட்டு மேசைதான்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்த வாய்ப்பு எந்தப் பெண்களுக்குக் கிடைத்தது? படிப்பும் முன்னனுபவமும் இருந்தவர்களுக்கு. வீட்டில் தொலைபேசி இருந்தவர்களுக்கு. அன்றைய பிரிட்டனில் அது எல்லா வீடுகளிலும் இருந்த பொருளல்ல. தபாலில் போன தாள்களைத் துளைகளாக மாற்றும் வேலையும் அந்தக் காலத்தில் பெரும்பாலும் பெண்களுடையதுதான். நாள் முழுக்க விசைகளைத் தட்டிக் குறைந்த கூலி வாங்கிய அவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை என்ற சலுகை இல்லை. ஒரு பெண்ணின் விடுதலை இன்னொரு பெண்ணின் பெயரற்ற உழைப்பின்மேல் நிற்பதை வரலாற்றில் நாம் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

மறுபக்கமும் உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்ததால் வீட்டுவேலை யாருக்கும் குறையவில்லை. குழந்தை தூங்கும் நேரம்தான் அலுவலக நேரம். ஆனால் அன்று அந்தப் பெண்களுக்கு வேறு வழி இல்லை. வேலையா குடும்பமா என்ற கேள்விக்கு முன்னால் அவர்கள் நிறுத்தப்பட்டிருந்தார்கள். ஷெர்லி அந்தக் கேள்வியையே ஏற்க மறுத்தார். 1975இல் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தபோது, பெண்களை மட்டும் சேர்ப்பதும் சட்டவிரோதமானது. அவரும் ஆண்களைச் சேர்த்தார். பிறகு நிறுவனத்தின் பங்குகளில் கணிசமான பகுதியை ஊழியர்களுக்கே கொடுத்தார். 1996இல் பங்குச்சந்தைக்குப் போனபோது ஊழியர்களில் சுமார் 70 பேர் லட்சாதிபதிகள், அதுவும் பவுண்டில். பின்னாளில் சான்சா என்று பெயர் மாறிய அந்த நிறுவனத்துக்குச் சென்னையிலும் அலுவலகம் இருந்தது.

கடைசித் தலைப்பு, விருப்பங்கள். ஓவியங்கள், சிற்பங்கள் சேகரித்தார் என்று எழுதலாம். ஆனால் அவருடைய ஓய்வு நேரம் என்பதே வேறு. 1963இல் மகன் கைல்ஸ் பிறந்தான். இரண்டரை வயதில், கற்றிருந்த சொற்களையும் இழந்தான். ஆட்டிசம் பற்றி மருத்துவர்களுக்கே சரியாகத் தெரியாத காலம். பின்னர் வலிப்பும் சேர்ந்துகொண்டது. நிறுவனத்தையும் மகனையும் ஒருசேரச் சுமந்ததில் ஷெர்லி மனமுடைந்து மருத்துவமனையில் சேர நேர்ந்தது. கைல்ஸ் பல ஆண்டுகள் மருத்துவமனையில் வைக்கப்பட்டான். அவன் அங்கிருந்து வெளியே வந்து வாழ ஷெர்லி ஒரு வீட்டை ஏற்பாடு செய்தார். அது பிறகு கிங்வுட் என்ற அறக்கட்டளையாக வளர்ந்தது. 1998இல், 35 வயதில், கைல்ஸ் இறந்தார். மறு ஆண்டு ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பிரையர்ஸ் கோர்ட் பள்ளி திறக்கப்பட்டது. தன் கலைச் சேகரிப்பின் பெரும்பகுதியை அந்தப் பள்ளிக்கே கொடுத்தார். சம்பாதித்ததில் பெரும்பங்கு இப்படிப் போயிற்று.

இதை ஒரு தாயின் தியாகக் கதையாகச் சொல்லிவிடுவது எளிது. பத்திரிகைகள் பலமுறை அப்படித்தான் சொல்லியிருக்கின்றன. ஆனால் அவருடைய தொழிலுக்கும் தாய்மைக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாது. பராமரிப்பு வேலைக்கு நேரம் எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தவர் என்பதால்தான் அவர் அமைத்த நிறுவனம் அந்த நேரத்தைக் கணக்கில் எடுத்தது. வேலை நடந்ததா என்று பார்த்தது. எந்த நாற்காலியில் உட்கார்ந்து நடந்தது என்று பார்க்கவில்லை.

ஷெர்லி 2025 ஆகஸ்டில் மறைந்தார். நண்பர்கள் கடைசிவரை அவரை ஸ்டீவ் என்றே அழைத்தார்கள். இன்று மென்பொருள் படித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் பெண்கள் ஆண்பெயரில் கையெழுத்திட வேண்டியதில்லை. ஆனால் பிரசவத்துக்கோ, நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்கோ விட்ட இரண்டு வருடங்களை எப்படி எழுதுவது என்று தடுமாறுகிறார்கள். அந்த இடைவெளி ஏன் என்று நேர்முகத்தில் கேட்கிறார்கள். அந்த இரண்டு வருடங்களில் நடந்ததும் வேலைதான் என்று சொல்லும் துணிவு அந்தப் பெண்ணுக்கு வேண்டும். அதைக் கேட்டு ஏற்கும் நிறுவனங்கள் வேண்டும் என்பது அதைவிட முக்கியம். 1962இல் ஓர் உணவு மேசையில் அது சாத்தியமாக இருந்திருக்கிறது.