சாந்து சொன்ன காலம்

எருசலேமின் திருக்கல்லறைத் தேவாலயத்தில், இயேசுவின் கல்லறை என வணங்கப்படும் சிறு மண்டபத்துக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே தெரிவது ஒரு பளிங்குப் பலகையே. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் இங்கு எழுப்பிய கோயிலைக் கி.பி. 333இல் போர்தோ நகரப் பயணி ஒருவர் கண்டு குறித்துள்ளார். ஆனால் 1009இல் கலீபா அல்-ஹாக்கிம் ஆணையால் அது இடிக்கப்பட்டது. 1808இல் தீ விபத்து வேறு! இன்றைய மண்டபம் 1810இல் கட்டியது. அப்படியானால் பழையது ஏதேனும் எஞ்சியிருக்குமா?

2016 அக்டோபரில், ஏதென்சுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழுவினர் மேற்பலகையை நகர்த்தினர். அடியில் சிலுவை பொறித்த, உடைந்த இன்னொரு பலகை இருந்தது, அதன்கீழ் பாறை. பலகையைப் பாறையோடு பிணைத்த சாந்தை ஆராய்ந்தனர். சாந்திலுள்ள குவார்ட்சு மணல், வெயில் படாமல் மறைந்த நாள்முதல் சுற்றியுள்ள கதிரியக்கத்தின் ஆற்றலைச் சேமித்து வருகிறது. ஆய்வகத்தில் ஒளி பாய்ச்சினால் அது ஒளியாக வெளிப்படும். அதை அளந்து காலத்தைக் கணிக்கலாம். கிடைத்த விடை ஏறத்தாழக் கி.பி. 345; கான்ஸ்டன்டைன் காலத்தை ஒட்டியது. அங்குக் கிடத்தப்பட்டவர் யாரென்பது சாந்தைக் கேட்டுத் தெரிவதன்று.

சீரமைப்பின்போது உட்சுவர்ப் பளிங்கில் ஒரு சாளரம் வெட்டினார்கள். அதன் வழியே பயணிகள் பாறையைக் காணலாம்.