பொன்னும் இரப்பர்ப் பாலும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம்மவர்க்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானது. வாளிகளில் வந்த பாலைத் தொட்டியில் ஊற்றி, நீர்த்த பார்மிக் அமிலத்தைக் கலந்தால், அது சிறிது நேரத்தில் திரண்டு கட்டியாகும். இதற்கும் பொன்னுக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். உறவு உண்டு. இரண்டையும் ஆராய்ந்த பேரறிஞர் ஒருவரே. அவர் இலண்டன் மைக்கேல் பாரடே.

1826-இல் அவர் இரப்பர்ப் பாலை ஆராய்ந்து, தூய இரப்பரில் இருப்பவை கரியும் ஹைட்ரஜனுமே என்று காட்டினார். இரப்பர்க் கன்றுகள் மலாயாவுக்கு வந்தது 51 ஆண்டுகள் கழித்து, 1877-இல்தான். பின்னர் 1857-இல் பொன்னுப்புக் கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்து, மாணிக்கச் சிவப்பு நீரைப் பெற்றார். கண்ணுக்குத் தெரியாத பொன் துகள்களே அந்நிறத்துக்குக் காரணம் என்றார். அதில் உப்பைச் சேர்த்ததும் சிவப்பு நீலமாக மாறிற்று.

ஏன்? பாலிலும் சரி, பொன் நீரிலும் சரி, துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. அமிலமோ உப்போ அவ்விலக்கலைத் தளர்த்தினால் அவை கூடிவிடும். பால் உறைகிறது, பொன் நிறம் மாறுகிறது. தனித்த நுண்துகள் பச்சை ஒளியை விழுங்குவதால் நீர் சிவப்பாகத் தெரிகிறது. துகள்கள் கூடினால் விழுங்கும் ஒளியும் மாறிவிடும்.

ஆகவே பொன் நீர் செய்வோர்க்கு முதல் வேலை, துகள்களைக் கூடவிடாமல் காப்பதே. 1951-இல் அமெரிக்காவில் டர்க்கெவிச் குழுவினர் பொன்னுப்பைச் சிட்ரேட்டுடன் கொதிக்கவைத்தனர். துகளை உண்டாக்குவதும், அதன்மேல் படிந்து காப்பதும் சிட்ரேட்டே. துகளின் குறுக்களவு ஏறத்தாழ 20 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறே ஒரு நானோமீட்டர். கொரோனாக் காலத்தில் நாம் பார்த்த சோதனைப் பட்டைகள் பலவற்றில் தோன்றிய செங்கோடு இத்தகைய பொன்தான்.

வடிவம் மாறினாலும் ஒளிக்குணம் மாறும். 2004-இல் புனே தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தில் முரளி சாஸ்திரியின் குழுவினர் பொன்னுப்போடு கலந்தது எலுமிச்சைப்புல் சாறு. நம் வீட்டோரத்துச் செராய்தான் அது. முக்கோணப் பொன் தகடுகள் கிடைத்தன. அவை அகச்சிவப்புக் கதிரை விழுங்குபவை. சன்னல் கண்ணாடியில் பூசி வெப்பத்தைத் தடுக்கலாம் என்று அவர்கள் கருதினர்.

தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. அமிலத்தின் அளவறிந்து பாலை உறையவைத்த கைகளும் ஓய்ந்து வருகின்றன. அக்கைகள் நாள்தோறும் செய்தது கூலிவேலை மட்டுமன்று. உயர்ந்த இரசாயனமும் ஆகும். இதை அவர்தம் பேரப்பிள்ளைகள் அறிந்தால், விஞ்ஞானம் வேற்றார் சொத்து என்று ஒதுங்கமாட்டார்கள்.