மசினகுடியில் ரூம் போடுறீங்களா? ஆதாரை 'வாட்ஸ்அப்'பில் தட்டிவிடும் முன் ஒரு நிமிஷம்!

மசினகுடி:

சனி, ஞாயிறு வந்துவிட்டால் போதும், பெங்களூரு, மைசூரு, கோழிக்கோடு பக்கம் இருந்து கார்கள் மசினகுடிக்கு படையெடுக்கின்றன. 'மசினகுடி வழி ஊட்டி' என்று கேரள இளைஞர்கள் இன்டர்நெட்டில் கிண்டலும் கேலியுமாக வீடியோ போட்டு பிரபலமாக்கிய பிறகு கேட்கவே வேண்டாம்.

வருகிறவர்கள் பலரும் ரூம் போடுவது செல்போனில்தான். கூகுளில் தேடுகிறார்கள். கிடைத்த நம்பருக்கு போன் போடுகிறார்கள். "அட்வான்சை ஜிபே பண்ணிடுங்க சார், ஆதார் போட்டோவை வாட்ஸ்அப்புல அனுப்பிடுங்க" என்று எதிர்முனையில் சொன்னதும் இரண்டையும் அனுப்பி விடுகிறார்கள்.

பணம் போனால் போலீசில் சொல்லி முடக்கவாவது ஒரு வழி இருக்கிறது. ஆதார் நகல் போனால் போனதுதான். அதை வைத்து உங்கள் பெயரில் சிம் கார்டு வாங்கலாம், கடன் கேட்கலாம், அடுத்த ஆளை ஏமாற்ற "இதோ என் அடையாள அட்டை" என்று காட்டலாம்.

போலி காட்டேஜ் உஷார்

சுற்றுலா பயணிகள், பக்தர்களை குறிவைத்து போலி வெப்சைட், பேஸ்புக் பக்கம், கூகுள் விளம்பரம் மூலம் மோசடி நடப்பதாக மத்திய உள்துறையின் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட், விடுதி அறை, டாக்சி, டூர் பேக்கேஜ் என்று அந்த பட்டியல் நீண்டது. காட்டு பக்கம் காட்டேஜ் என்றாலும் டெக்னிக் ஒன்றுதான். எங்கேயோ இருக்கும் ரிசார்ட் போட்டோவை திருடி போடுவார்கள். "ஒரே ஒரு ரூம்தான் காலி, இன்னும் பத்து நிமிஷத்துல போயிடும்" என்று அவசரப்படுத்துவார்கள்.

பணம் அனுப்பும் முன் ஸ்கிரீனில் வரும் அக்கவுண்ட் பெயரை பாருங்கள். காட்டேஜ் பெயரும் இல்லை, பேசியவர் பெயரும் இல்லை என்றால் கையை எடுத்து விடுங்கள். தெப்பக்காட்டில் வனத்துறை அறை வேண்டுமானால் முதுமலை புலிகள் காப்பகத்தின் சொந்த வெப்சைட்டில்தான் பதிவு செய்ய வேண்டும்.

இ-பாசும் அப்படித்தான். சென்னை ஐகோர்ட்டு உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இது கொண்டு வரப்பட்டது. செல்போன் எண், வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்கல் என எல்லாம் அதில் போகிறது. அரசு இதற்கு பணம் வாங்குவதில்லை. "இ-பாஸ் எடுத்து தர்றோம், 200 ரூபாய், ஓடிபி சொல்லுங்க" என்று எவராவது கேட்டால் போனை வையுங்கள்.

ஆதார்தான் வேணுமா?

தங்கும் விடுதியில் அடையாள சான்று கேட்பது சரிதான். ஆனால் அது ஆதாராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. டிரைவிங் லைசென்ஸ் காட்டலாம், வாக்காளர் அட்டை காட்டலாம்.

2022 மே 27-ந்தேதி ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஒரு அறிவிப்பு விட்டது. ஓட்டல், சினிமா தியேட்டர் போன்ற உரிமம் பெறாத தனியார் நிறுவனங்கள் ஆதார் நகலை வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்பது அதன் சாராம்சம். நாடு முழுக்க பரபரப்பு கிளம்பியதும், தவறாக புரிந்து கொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் அறிவிப்பை வாபஸ் வாங்கினார்கள். மக்கள் குழம்பியதுதான் மிச்சம்.

ஆனால் அதில் சொன்ன ஒரு யோசனை இன்றைக்கும் உபயோகமானது. அது 'மாஸ்க்டு ஆதார்'. 12 எண்ணில் முதல் 8 எண் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். ஆதார் ஆணைய வெப்சைட்டில் ஓடிபி போட்டு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதை ஒரு முறை இறக்கி போனில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு ஊரிலும் உதவும்.

உள்ளூர்காரர் போனில் எத்தனை ஆதார்?

இனி நம்ம ஊர் ஆட்களுக்கு. காட்டேஜ் நடத்துபவர், ஹோம்ஸ்டே வைத்திருப்பவர், ஜீப் ஓட்டுபவர் தங்கள் வாட்ஸ்அப் கேலரியை ஒரு தடவை திறந்து பாருங்கள். போன வருஷம் வந்து போன குடும்பத்தின் ஆதார் இன்னும் அதில் கிடக்கும். அந்த போன் கீழே விழுந்து தொலைந்தால்? ரிப்பேர் கடையில் கொடுத்தால்? பையன் கேம் விளையாட வாங்கி எதையாவது டவுன்லோடு செய்தால்?

2023-ல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கிய கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் அமலுக்கு வருகின்றன. வாங்கிய வேலை முடிந்ததும், வேறு சட்டப்படி வைத்திருக்க தேவை இல்லாத தகவலை அழிக்க வேண்டும். பத்திரமாக வைக்க தவறினால் அபராதம் அதிகபட்சம் 250 கோடி ரூபாய். நாலு ரூம் காட்டேஜுக்கு அவ்வளவு போடுவார்களா என்று கேட்காதீர்கள். அது உச்சவரம்புதான். ஆனால் "நான் சின்ன ஆளு" என்பது தப்பிக்கும் வழி ஆகாது.

இன்னொரு நூதன மோசடி ஓனர்களை குறிவைக்கிறது. "ராணுவத்துல இருந்து பேசுறேன், பத்து ரூம் வேணும், பணம் அனுப்புறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்பார்கள். நாட்டில் பல இடங்களில் கைவரிசை காட்டிய பழைய டிரிக் இது. வெலிங்டன் பக்கத்திலேயே இருப்பதால் நம்மவர்கள் சட்டென்று நம்பி விடுவார்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை.

ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிய ஆதார் பி.டி.எப்.பும் அப்படித்தான், அந்த கம்ப்யூட்டரிலேயே தங்கி விடுகிறது. அதன் பாஸ்வேர்டு உங்கள் பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும்தான். தெரிந்தவர் எவரும் திறக்கலாம். பிரிண்ட் எடுத்ததும் கண் முன்னாலேயே அழிக்க சொல்லுங்கள்.

மாட்டிக்கிட்டா?

பணம் போனது தெரிந்த நிமிஷமே 1930-க்கு போன் போடுங்கள். சிக்னல் இல்லை என்று காத்திருக்க வேண்டாம், பக்கத்து கடை போனில் இருந்தாவது பேசுங்கள். பணம் அடுத்த அக்கவுண்டுக்கு தாவும் முன் முடக்கினால்தான் கிடைக்கும். அனுப்பிய நேரம், தொகை, பரிவர்த்தனை எண், எதிராளி நம்பர் கையில் இருக்கட்டும். சாட்டை அழித்து விடாதீர்கள், அதுதான் ஆதாரம். தேசிய சைபர் குற்ற வெப்சைட்டிலும் புகார் பதியலாம், ஊட்டியில் மாவட்ட சைபர் கிரைம் போலீசாரிடமும் நேரில் கொடுக்கலாம்.

ஆதார் நகல் கைமாறி இருந்தால் ஆதார் ஆணைய வெப்சைட்டில் கைரேகையை 'லாக்' செய்யுங்கள். தொலைத்தொடர்பு துறையின் 'சஞ்சார் சாத்தி' வெப்சைட்டில் உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டு ஓடுகிறது என்று பாருங்கள். உங்களுடையது இல்லாத நம்பர் இருந்தால் அங்கேயே 'என் நம்பர் இல்லை' என்று புகார் செய்யலாம்.