பல்லைக் காக்கும் ஆணி

மட்டக்களப்பு நகருக்கு வடக்கேயுள்ள வாழைச்சேனையிலே, 1956 ஆம் ஆண்டில் அரசாங்கக் கடதாசி ஆலை இயங்கத் தொடங்கியது. வயலிலே எஞ்சும் வைக்கோல் கடதாசிக்கு மூலப்பொருளாயிற்று. வைக்கோல் மென்மையான பொருளே. ஆயினும் சுழலும் பொறிக்குள் அது கட்டாகச் சென்று இறுகிவிடின், பொறி கணப்பொழுதில் நின்றுவிடும். பின்னே சுழலும் மோட்டாரோ உடனே நிற்காது. அதன் வேகத்திற் பொதிந்த ஆற்றல் முழுவதும் பற்சில்லின் ஓரிரு பற்களின்மேல் மோதும். பல் ஒன்று முறியின் ஆலை நிற்கும். ஆலை நிற்பின் தொழிலாளரின் உழைப்பும் நிற்கும். பற்சில்லு கடல் கடந்து வரவேண்டியதாயின், காத்திருப்பு வாரக்கணக்கில் நீளும்.

இந்த இடர் புதியதன்று. ஐரோப்பாவின் பழைய நீராலைகளிலும் காற்றாலைகளிலும் சில்லின் பற்கள் மரத்தாலானவை. அதிர்ச்சி நேர்ந்தால் ஒரு மரப்பல் முறியும். தச்சன் வேறொன்றைச் செருகுவான். 18 ஆம் நூற்றாண்டிலே ஜோன் சிமீட்டன் முதலியோர் வார்ப்பிரும்புச் சில்லுகளைப் புகுத்தினர். வலிமை பெருகியது, ஆனால் வார்ப்பிரும்பு வளையாது, உடையும். ஆதலால் இரும்புச் சில்லொன்றுடன் மரப்பல் பதித்த சில்லொன்றை இணைக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலைத்தது.

பின்னர் நீராவி ஆலைகளிலும், மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளிலும், நீண்ட தண்டொன்றிலிருந்து தோல் வார்கள் பொறிகளை ஓட்டின. பாரம் மிகுந்தால் வார் வழுக்கும். அவ்வழுக்கல் குறையெனக் கருதப்பட்டது. உண்மையில் அதுவே காவலாயிருந்தது. ஒவ்வொரு பொறிக்கும் தனி மின்மோட்டாரும் பற்சில்லும் வந்தபோது, எவரும் கேளாமல் கிடைத்த அக்காவல் மறைந்தது. அதனை வேண்டுமென்றே மீண்டும் படைக்க நேர்ந்தது.

அதற்குரிய எளிய வழி, குறித்த விசைக்குமேல் அறுந்துபோகும் மெல்லிய ஆணியால் இரு தண்டுகளைப் பிணைப்பது. உராய்வுத் தட்டுகளை வில்லால் அழுத்தி, மிகைவிசையில் வழுக்கச் செய்வது மற்றொன்று. மூன்றாவது வழியைத் திறந்தவர் ஜெர்மானியப் பொறியியலாளர் ஹெர்மன் ஃபெட்டிங்கர். 1905 இல் அவர் காப்புரிமை பெற்ற முறையிலே, ஒரு சில்லு வீசும் திரவம் மற்றொரு சில்லைச் சுழற்றுகிறது. இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. இலண்டன் பஸ்களின் குலுக்கலைத் தணிக்க ஹரல்ட் சின்கிளேயர் 1920 களில் இதனை நாடினார். 1930 இல் டைம்லர் நிறுவனம் மோட்டார் வண்டியிற் பொருத்தியது. 1958 இல் உருவான இலங்கைப் போக்குவரத்துச் சபை இலண்டனிலிருந்து வாங்கிய இரட்டைத்தட்டு பஸ்களிலும் இத்தகைய திரவ இணைப்பே இருந்தது. ஆலைகளுக்குரிய சில இணைப்புகளில் உருகும் அடைப்பு ஒன்று உண்டு. பொறி இறுகி எண்ணெய் கொதித்தால் அடைப்பு உருகி, எண்ணெய் வெளியேறி, பற்சில்லு தப்பும்.

எனினும் எந்தக் காவலும் மனிதரின் பொறுமையை நம்பியே நிற்கிறது. மெல்லாணி அடிக்கடி அறுகிறதென்று சலித்து, அதனிடத்தில் கடினமான உருக்கு ஆணியை அடிப்பவன் ஒருநாள் வேலையை மிச்சப்படுத்துகிறான். அடுத்த அதிர்ச்சியிலே அறுவது ஆணியன்று, பற்சில்லு. ஆணி ஏன் அறுகிறதென ஆராய்பவனோ பொறியினுள் இறுகிய வைக்கோலைக் காண்பான். முறிவதற்கென்றே செய்யப்பட்ட சிறு பொருள், பெரும் பொருளின் ஆயுளை நீட்டுகிறது.